சொந்தக்காரர் பெயர் எழுதாத இயந்திரம்

மரியரட்ணம் என்னுடைய காரில் பதினொரு வருடங்கள் நித்திரை கொண்டிருக்கிறான். காலை ஆறு பத்துக்கு டென்மார்க்கின் ஹேர்னிங்கில் ஏறுவான், இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டுவான், "அண்ணை, ஒரு பத்து நிமிசம்" என்பான். கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வாசலில் நான் தோளைத் தட்டும்வரை கண் திறக்க மாட்டான். பேச்சுத் துணைக்கென்று ஆளை ஏற்றினால் எனக்கு வாய்த்தது குறட்டைதான். முதல் வருடம் கோபப்பட்டேன். பிறகு வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

அவனுக்கு ஐம்பது வயது, எனக்கு ஐம்பத்தேழு. இரண்டு பேரும் மன்னார்க்காரர், இரண்டு பேரும் ஒரே கத்தோலிக்கக் கோவிலுக்குப் போகிறவர்கள். கதவுப் பிணைச்சலும் பூட்டும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். அவன் பத்தொன்பது வயதில் வந்து ஒன்பது வருடம் இரும்புத் தகட்டை அச்சழுத்தும் இயந்திரத்தில் நின்றவன். பெட்டிகளில் ஒட்டும் சிட்டை அடிக்கும் கருவி ஒருநாள் இறுகி நின்றபோது, எல்லோரும் அதைத் தட்டிக்கொண்டு நிற்க, இவன் ஒருவன்தான் அதனோடு வந்த புத்தகத்தை எடுத்து வாசித்திருக்கிறான். கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஹென்றிக் அதைக் கண்டு, பின்னேர வகுப்புக்கு அனுப்பித் தன்னோடு சேர்த்துக்கொண்டார். வாசித்த குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை என்று நான் அவனைப் பகிடி பண்ணுவேன்.

ஹென்றிக் பென்சனில் போன பிறகு அந்தப் பிரிவில் மிஞ்சியது மரியரட்ணம் ஒருவன்தான். தொழிற்சாலையில் எது நின்றாலும் அவனுடைய கைபேசி அடிக்கும். பூசையிலே அடிக்கும், பிறந்தநாள் மண்டபத்திலே அடிக்கும், பல் வைத்தியரின் கதிரையிலே அடிக்கும். அவனுடைய மகள் சாருஜா சின்ன வயதில் வீடு கீறச் சொன்னால் அம்மா, அப்பா, அப்பாவின் ரெலிபோன் என்று மூன்றையும் கீறுவாளாம். இப்போது அவள் ஓகூஸ் நகரில் படிக்கிறாள். அப்பா தமிழில் கேட்பார், அவள் டேனிஷில் பதில் சொல்வாள், நடுவில் வேலையிலிருந்து அழைப்பு வரும், கதை அதோடு முடிந்துவிடும்.

"அப்படி என்னதான் செய்யிறாய் அந்த அறைக்குள்ள?" என்று ஒருநாள் கேட்டேன். சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னால் குளிரூட்டி இரைந்துகொண்டிருக்கும் சின்ன அறை அது. உள்ளே ஒரு இரும்புப் பெட்டி. சேர்வர் என்பார்கள். அதில் லினக்ஸ் ஓடுகிறது, அதற்கு மேல் இருபத்தாறு வீஎம் ஓடுகின்றன என்றான்.

"வீஎம் எண்டால்?"

"ஒரு பெரிய வீட்டில இருபத்தாறு குடித்தனம் எண்டு வையுங்கோ அண்ணை. ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தன்ர எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும். அறை, கரண்ட், தண்ணி எல்லாம் நான்தான் பிரிச்சுக் குடுக்கிறது. ஒருத்தன் கூட எடுத்தால் மற்றவனுக்கு மூச்சு முட்டும்."

"அப்ப நீதான் வீட்டுக்காரன்."

"இல்லையண்ணை. வாசல் கூட்டுறவன்."

அவன் வேலை செய்வதை நான் ஒரே ஒரு தரம்தான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மத்தியானம் மின்சாரம் போய் வந்தது. பண்டகசாலையில் சிட்டைகளை வாசிக்க எங்கள் கையிலிருந்த வருடிகள் எல்லாம் செத்துப்போயின. எந்தப் பெட்டி எந்த லொறிக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மேற்பார்வையாளர் என்னை அனுப்பினார். நான் போனபோது அந்தச் சின்ன அறையில் ஆறு பேர் கைகட்டிக்கொண்டு அவன் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள். அவன் சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எழுப்பினான். முதலில் சரக்குக் கணக்கு இருக்கிற இயந்திரம். அது முழுதாக எழும்பும்வரை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு சிட்டை அடிக்கிறது, பிறகு வருடிகள், கடைசியில் வாசல் கதவுகள்.

"கெதிப்படுத்தேலாதோ?" என்றேன், மேற்பார்வையாளருக்குக் கேட்கட்டும் என்று.

"எல்லாத்தையும் ஒண்டாய் எழுப்பினால் எல்லாம் ஒண்டாய் விழும் அண்ணை."

நாற்பது நிமிடத்தில் எல்லாம் எழும்பிவிட்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள். டேனிஷ்காரர் கதவைத் திறந்து பிடித்தாலும் நன்றி சொல்கிற சனம். அன்றைக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவன் நெற்றியைத் துடைத்துவிட்டுத் திரையில் பட்டியலைச் சரிபார்த்தான். நானும் எண்ணினேன். இருபத்தேழு வரி இருந்தது. கடைசி வரியில் 'டெஸ்ட்-4' என்றும், பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றும் காட்டியது.

"உந்தக் கடைசியையும் எழுப்பன்."

"அது செத்தவீட்டு வீஎம் அண்ணை. ஆரும் செத்தால்தான் அது எழும்பும்."

அவன் மரணச் சடங்குகளை நேரலையாகக் காட்டுகிறான் என்பது ஊருக்கே தெரியும். அது தொழிற்சாலையின் சேர்வரில் இருந்துதான் போகிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கொரோனா வந்த வருடம் துவங்கிய விசயம் அது. கோவிலுக்குள் பத்துப் பேருக்கு மேல் விடாத காலம். எங்கள் பங்கில் ஒரு பெரியவர் போய்விட்டார். பிள்ளைகள் பாரிசிலும் கனடாவிலும் இருந்தார்கள். இலவசமாக ஒளிபரப்பும் ஒரு தளத்தில் காட்டினார்கள். பாடகர் குழு இரண்டாம் பாட்டை எடுத்ததும், அந்தப் பாட்டு வேறொருவரின் உடைமை என்று சொல்லிப் படம் பாதியில் நின்றுவிட்டது. தகப்பனைப் பெட்டியோடு கண்ட பிள்ளைகள் குழியைக் காணவில்லை. அடுத்த கிழமை மரியரட்ணம் ஹென்றிக்கிடம் கேட்டு, சேர்வரில் ஒரு மூலையில் ஒரு வீஎம் கட்டினான். ஹென்றிக் ஒரு மாதத்துக்குச் சரி என்றார். அவர் பென்சனில் போய்விட்டார், கொரோனாவும் போய்விட்டது, சாவு மட்டும் போகவில்லை. ஐந்து வருடத்தில் முப்பத்தொரு செத்தவீடு.

ஊரில் தொலைபேசிக்குச் சிக்னல் இழுபறியாக இருந்தாலும் தெரிகிற மாதிரி படத்தைச் சின்னதாக்கி அனுப்புவான். பதிவையும் அந்த வீஎம்மின் சேமிப்பு வட்டிலேயே வைத்திருப்பான். அடுத்த நாள் காரில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவான், "கனடா நாப்பத்திரண்டு, பாரிஸ் பதினெட்டு, மன்னார் மூண்டு."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"ஆர் எங்கையிருந்து எத்தினை மணிக்கு வந்தது, எத்தினை மணிக்குப் போனது எல்லாம் அது எழுதி வைக்கும்."

இதை வெளியே எங்காவது மாற்றிவிடு என்று நான் நூறு தரம் சொல்லியிருப்பேன். "இந்த ஞாயிறு மாத்திறன் அண்ணை" என்பான். அந்த ஞாயிறு யாருடைய பிள்ளைக்காவது முதல் நன்மைச் சடங்காக இருக்கும், இல்லையென்றால் மண்டபத்தில் ஒலிவாங்கி வேலை செய்யாது, இல்லையென்றால் தொழிற்சாலையில் ஏதாவது நிற்கும். இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான். எங்கள் சனத்தில் எல்லோரும் கொல்லர்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன இலையுதிர் காலத்தில் மெட்டே என்ற பெண் மேலாளராக வந்தார். கெட்டவர் இல்லை. எதையும் எழுத்தில் கேட்பவர். இந்தப் பழைய சேர்வரைச் செப்டம்பர் முடிவோடு மூடிவிட்டு, எல்லாவற்றையும் வெளியே வாடகைக்கு எடுக்கும் இடத்துக்கு மாற்றப் போவதாக அறிவித்தார். புதிய இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அது மரியரட்ணம்தான் என்றும் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார். மார்ச் மாதம் ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எதிரே அதன் பயனையும் சொந்தக்காரர் பெயரையும் எழுத வேண்டும். சொந்தக்காரர் இல்லாதவை பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை நிறுத்தப்படும். அந்த வேலைக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருவார்.

இருபத்தாறு வரியை மரியரட்ணம் ஒரே நாளில் நிரப்பிவிட்டான். இருபத்தேழாவதில் நின்றுவிட்டான்.

"ஆரின்ர பேரை எழுதுறது அண்ணை?" அன்றைக்கு அதிசயமாகக் காரில் முழித்துக்கொண்டு இருந்தான்.

"உன்ர பேரை எழுது. கட்டினவன் நீதானே."

"எழுதினால் அது என்ர எண்டாகிப்போடும். செத்தவீட்டுக்குச் செய்யிறதை ஆரும் தன்ர பேரில எழுதுவினமோ?"

எங்களிடம் அப்படி ஒன்று இருக்கிறதுதான். கலியாண வீட்டுப் பரிசில் பெயர் எழுதாவிட்டால் குறை. செத்தவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பவர் இன்னார் தந்தது என்று சொல்லிக்கொள்ள மாட்டார். வைத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அவன் சொன்னதில் பாதிதான் அந்த வழக்கம், மற்றப் பாதி பயம். ஒரு மாதத்துக்கென்று கேட்டு ஐந்து வருடம் வேலையிடத்துச் சேர்வரில் வைத்திருந்ததை எப்படிச் சொல்வது? அந்த வாரக் கடைசியில் எல்லாவற்றையும் வெளியே மாற்றிவிட்டு அதை அழித்துவிடுகிறேன், ஒருவருக்கும் தெரியவராது என்றான். பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பட்டியலை அனுப்பிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமைதான் என் தங்கச்சி விக்ரோரியா போனாள். ஹேர்னிங்கில், எட்டு மாத நோய் வருத்தத்துக்குப் பிறகு. அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. மன்னாரில் எங்களுக்கு ஒரு அக்கா மிச்சம். பெயர் யசிந்தா. விக்ரோரியா படுக்கையில் கிடந்தபோது இரண்டு தரம் விசாவுக்குப் போட்டோம், இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள். செய்தி சொல்ல நான் எடுத்தபோது அக்கா அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டா. "தம்பி, பெட்டி மூடுறத்துக்கு முந்தி அவளின்ர முகத்தை ஒருக்காக் கிட்டத்தில காட்டு."

ஞாயிறு பூசை முடிந்ததும் நான் மரியரட்ணத்திடம் போனேன். வெள்ளிக்கிழமை விசயம் எனக்குத் தெரியும். அவன் அன்றைக்கு அதை மாற்ற இருந்ததும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அடக்கம் எப்ப?"

"வியாழன்."

"அப்ப நிப்பாட்டுறத்துக்கு ஒரு நாள் முந்தி. இப்ப மாத்தப் போய் ஏதும் பிழைச்சால் அண்டைக்குப் படம் வராது. அதை அப்பிடியே விடுவம். வெள்ளி விடிய நான் அழிக்கிறன்."

வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் பத்து மணியிலிருந்து விக்ரோரியாவைப் பார்வைக்கு வைத்திருந்தோம். பத்தே முக்காலுக்குப் பெட்டி மூடுவது, பதினொன்றே காலுக்குக் கோவிலில் பூசை. அடக்கம் செய்விக்கும் டேனிஷ்காரர் கறுப்பு மேலங்கியோடு மூலையில் நின்றார். இந்த நாட்டில் சாவுக்கும் நேர அட்டவணை உண்டு. மரியரட்ணம் லீவு போட்டு வந்திருந்தான். கமராவை முக்காலித் தாங்கியில் நிறுத்தி, மடிக்கணினியை ஒரு கதிரையில் வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தான். சனம் வரிசையில் வந்து பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்து முடிந்த பிறகு கமராவைக் கிட்டக் கொண்டுவருவது என்று பேசி வைத்திருந்தோம்.

பத்தரை தாண்டியதும் அவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதைக் கண்டேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், ஆள் வரவில்லை. நானும் வெளியே போனேன். மார்ச் மாதத்துக் காற்று முகத்தில் அடித்தது. சைக்கிள்கள் விடும் இடத்தில் ஒரு மர வாங்கில், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"என்ன?"

"ஆரோ நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"நாளைக்கெல்லோ?"

"அந்த வெளியாள் ஒரு நாள் முந்தியே வந்திட்டான் போல. லேசானதிலையிருந்து துவங்கியிருக்கிறான், சொந்தக்காரர் இல்லாததிலையிருந்து. நான் திருப்பி எழுப்பினன். மூண்டு நிமிசம்தான் ஓடினது. இப்ப பட்டியலிலையிருந்தே எடுத்துப்போட்டான்."

"பெட்டியை மூடப் போறாங்களடா! அக்கா அங்க பாத்துக்கொண்டிருக்கிறா!" நான் கத்தினேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

அவன் சத்தம் போடவில்லை. "வட்டு இன்னும் கிடக்குது அண்ணை. மாதம் மாதம் முதல் திங்கள் எல்லா வீஎம்மின்ர விவரத்தையும் நான் பிரதி எடுத்து வைக்கிறனான். அதை வைச்சு ஒரு நிமிசத்தில எழுப்பிப்போடுவன். ஆனால் அவனுக்கு இப்ப சந்தேகம் வந்திட்டுது. இனி எழுப்பினால் வட்டையும் சேர்த்து அழிப்பான்."

"அப்ப?"

"மெட்டேயிட்டைச் சொல்ல வேணும்."

சொன்னால் என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் தம்பி, உன்ர வேலை முக்கியம் என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்தான்.

"மெட்டே, டெஸ்ட்-4 என்னுடையது" என்றான் டேனிஷில். "சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள்." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை, இவனுடைய பதில்கள்தான் கேட்டன. ஆம், ஐந்து வருடமாக. இல்லை, ஹென்றிக் ஒரு மாதத்துக்குத்தான் சரி சொன்னார், மிச்சம் முழுக்க நான். ஆம், விளங்குகிறது. ஆம், திங்கட்கிழமை வருகிறேன். இறந்தவரின் அக்கா இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். பென்சனில் போய்விட்ட மனிதரின் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். அவன் போடவில்லை.

நான் உள்ளே ஓடி அந்தக் கறுப்பு மேலங்கிக்காரரைக் கெஞ்சினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், விக்ரோரியாவைப் பார்த்தார், பத்து நிமிடம் என்றார்.

பத்து நாற்பத்தொன்பதுக்கு மரியரட்ணம் உள்ளே வந்தான். மடிக்கணினியைக் கதிரையில் வைத்து ஒருகணம் அதையே பார்த்தபடி நின்றான். பிறகு கமராவைத் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்குக் கிட்ட வந்தான். விக்ரோரியாவின் முகத்துக்கு மேலே அதைப் பிடித்தான். நெற்றி, மூடின கண், சொண்டு, செபமாலை சுற்றின கை, திரும்பவும் முகம். வெகுநேரம் பிடித்திருந்தான். பத்து நிமிடம் என்று சொன்ன மனிதர்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அக்கா பார்க்கிறா என்று எனக்கு மனம் நிறைந்து அழுகை வந்தது. மூடியைப் போட்டார்கள்.

அடக்கம் முடிந்து, மண்டபத்தில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அக்காவுக்கு எடுத்தேன்.

"வடிவாய்ப் பாத்தீங்களோ அக்கா?"

"எங்கையப்பு! சனம் வரிசையில போறதுதான் தெரிஞ்சுது. பிறகு படம் நிண்டுபோச்சுது. மூடிப்போட்டாங்கள் எண்டு இஞ்ச பெண்டுகள் எல்லாம் குழறத் துவங்கிட்டுதுகள். நானும் கிணத்தடிக்குப் போய் முழுகிப்போட்டு வந்திட்டன். பறவாயில்லை தம்பி. நீங்கள் கிட்ட நிண்டனீங்கள்தானே."

எங்களிடம் பிரேதம் போன பிறகுதான் முழுகுவது. அவ முழுகியபோது விக்ரோரியா இன்னும் பெட்டிக்குள் திறந்தபடி கிடந்திருக்கிறாள். மரியரட்ணம் வெளியே வாங்கில் இருந்தபடி தன் வேலையைக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நேரம், நான் அக்காவுக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லியிருந்தால் போதும். ரெலிபோன் என் சட்டைப்பைக்குள்தான் இருந்தது. கத்தத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. என்மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

திங்கட்கிழமை காலை காரில் ஏறினான். பட்டியை மாட்டிக்கொண்டு கேட்டான்.

"அக்கா பாத்தவவோ அண்ணை?"

"ஓம். வடிவாய்ப் பாத்தவ. உனக்கு நன்றி சொல்லச் சொன்னவ."

"ம். நல்லது." கண்ணை மூடிக்கொண்டான். அதைவிட வேறென்ன சொல்ல முடியும்? இந்த மனிதன் என்னத்தைக் கொடுத்தான் என்று எனக்குத் தெரியும். கொடுத்தது வீண் என்று எந்த வாயால் சொல்வது?

பின்னேரம் திரும்பி வரும்போது அவனே சொன்னான். எழுத்தில் எச்சரிக்கை. அந்த வீஎம்மை விசாரணைக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஒருவரும் தொடக்கூடாது. புதிய இடத்தைப் பார்க்கும் வேலை அவனுக்கு இல்லை. செப்டம்பர்வரை பழைய சேர்வரைக் காலி செய்து கொடுத்துவிட்டு, விரும்பினால் திரும்பவும் அச்சழுத்தும் இயந்திரத்துக்குப் போகலாம்.

"அந்தப் பொம்பிளைக்கு மனசாட்சி இல்லையோ? நான் போய்க் கதைக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. அவ சொன்னதில பிழையில்லை. செத்தவீட்டுக்குக் குடுத்தது பிழையெண்டு அவ சொல்லேல்லை. அஞ்சு வரியம் ஒண்டைப் பேரில்லாமல் வைச்சிருந்த ஆளை நம்பி எப்பிடி எல்லாத்தையும் விடுறதெண்டு கேட்டவ."

அந்தக் கோடை முழுவதும் அவன் சேர்வரைக் காலி செய்தான். ஒவ்வொரு வீஎம்மாகப் பிரதி எடுத்து, புதிய இடத்தில் எழும்பியதா என்று பார்த்து, இங்கே நிறுத்தி, அழித்து, பட்டியலில் ஒரு கோடு கீறுவான். தான் மேய்ந்த கூரையைத் தானே பிரிப்பது போன்ற வேலை. கைபேசி அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வீடுகளில் சாவு விழுந்து, நேரலைக்கு அவனைக் கேட்டார்கள். ஏலாது என்று சொன்னான். ஏலாது என்ற சொல்லை அவன் வாயால் அப்போதுதான் முதல்முதலில் கேட்டேன். ஒரு வீட்டார் இன்றைக்கும் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

செப்டம்பர் முப்பதாம் தேதி வேலை முடிந்து அவனைக் கூட்டிப்போக அந்த அறைக்குப் போனேன். சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் கழற்றி மடித்துக்கொண்டு இருந்தான். திரையில் ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது. டெஸ்ட்-4. மெட்டேயின் பட்டியலில் அதற்கு எதிரே சொந்தக்காரர் என்ற இடத்தில் அவனுடைய முழுப் பெயர் இருந்தது. ஒரு கட்டளை அடித்தான், இன்னொன்று அடித்தான், பட்டியல் வெறுமையானது. பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. "நாளைக்கு இதையும் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்" என்றான்.

காரில் ஏறிப் பட்டியை மாட்டினான். பத்து நிமிசம் என்று கேட்கவில்லை. நகரத்தைத் தாண்டி வயல்வெளி வந்ததும் சட்டைப்பையிலிருந்து விரல் அளவில் ஒரு நினைவகக் குச்சியை எடுத்து எனக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பூட்டு இண்டைக்குத்தான் திறந்தவை. மெட்டேயிட்டை எழுத்தில கேட்டு எடுத்தனான். எல்லாரின்ர பதிவும் இருக்கு, மற்ற ஆக்களின்ரயை நான் குடுத்துக்கொள்ளுறன். இது உங்கட. அக்காவுக்கு அனுப்புங்கோ. திரும்பவும் பாக்க விரும்புவா."

திரும்பவும் என்றான். பஸ் நிற்கிற இடமொன்றில் காரை நிறுத்தினேன்.

"ரட்ணம், அக்கா பாக்கேல்லையடா. படம் நிண்டவுடன முழுகப் போயிட்டா. நான் உனக்குப் பொய் சொன்னனான்."

அவன் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் அண்ணை. நான் திருப்பி எழுப்பி உள்ள வந்து திரையைப் பாக்கேக்க மன்னாரிலையிருந்து ஒருத்தரும் பாத்துக்கொண்டிருக்கேல்லை. நீங்கள் பெட்டியடியில நிண்டு அழுதீங்கள், சொல்ல மனம் வரேல்லை. பதிவிலையாவது அக்கா பாக்கட்டும் எண்டுதான் முகத்தைக் கனநேரம் பிடிச்சு வைச்சனான்."